திரைக்குள் ஒரு பெரட்டுக் களம்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் என் வேலையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். சுங்கை சிப்புட்டில் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து, அலுவலகமே இல்லாத ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் உதவிக் குழுவைக் கவனித்துக்கொள்கிறேன் என்று. சிறுகடைக்காரர்கள் சரக்கிருப்பும் கணக்கும் பார்க்கும் மென்பொருள் எங்களுடையது. 2021இல் நான் பதினேழாவது ஆளாகச் சேர்ந்தேன், இப்போது இருநூறைத் தொட்டுவிட்டோம். அந்த நாலு வரிக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த மாதப் பக்கம் முழுவதும் அவற்றுக்கே.

என் மகள் ஆறு மாதமாக வீட்டிலிருந்து வேலை செய்கிறாள். நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கூப்பிட்டால் ‘மீட்டிங்’ என்கிறாள். பிள்ளைக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லையா என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். நிஜமாகவே இது வேலைதானா?
*— ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட்*

வேலைதான் ஐயா. என் ஒரு நாளைச் சொல்கிறேன், உங்கள் மகளுடையதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

காலை எட்டு மணிக்குக் கணினியைத் திறப்பேன். நான் தூங்கிய நேரத்தில் உலகத்தின் மறுபாதி வேலை செய்திருக்கும். எங்கள் குழுவின் அரட்டைச் செயலியான ஸ்லாக்கில் நூறு, நூற்றைம்பது செய்திகள் காத்திருக்கும். முதல் வேலையாக மூன்று வரி எழுத வேண்டும்: நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எது தடையாக நிற்கிறது. இதற்கு எங்களிடம் ஸ்டாண்ட்-அப் என்று பெயர். உங்களிடம் பெரட்டு என்று சொன்னால் உடனே புரிந்துவிடும். என் அம்மா இருபத்தாறு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை ஐந்தரைக்கு, தலையில் விளக்கும் முக்காடுமாகக் களத்தில் நிற்பார். தோட்டக் கணக்கரான கிராணி பேர் கூப்பிடுவார், வந்தவருக்குப் பேர் விழும். எங்கள் களத்தில் பேர் கூப்பிட ஆள் கிடையாது. நாமே எழுதாவிட்டால் அன்றைக்கு நாம் வரவே இல்லை என்று ஆகிவிடும்.

அப்புறம் உதவி கேட்டு வந்த கடிதங்கள். போன வாரம் நைரோபியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி எழுதியிருந்தார். சரக்கிருப்பில் இருமல் மருந்து ‘கழித்தல் 36’ என்று காட்டுகிறதாம். இல்லாத மருந்தை எப்படி விற்றிருக்க முடியும்? இரண்டு மணி நேரம் தோண்டினேன். ஒரு பெட்டியில் பன்னிரண்டு புட்டி இருக்கும். வாங்கும்போது பெட்டிக் கணக்கில் நான்கு என்று பதிந்திருக்கிறார், விற்கும்போது புட்டிக் கணக்கில் நாற்பது போயிருக்கிறது. சரிசெய்து, இனி அப்படி நேராமலிருக்க வழியும் எழுதி அனுப்பினேன். அந்த இரண்டு மணி நேரத்தில் யாராவது கதவைத் திறந்து பார்த்திருந்தால், நான் சுவரையும் திரையையும் மாறி மாறி வெறித்துக்கொண்டிருப்பதுதான் தெரிந்திருக்கும். மாலை ஐந்துக்கு மேல் லிஸ்பனில் இருக்கும் தோழர் வந்து பொறுப்பேற்பார். நான் எதை எங்கே விட்டேன் என்று அவருக்கு எழுதி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

என் அம்மாவும் முதலில் நம்பவில்லை. ஒருநாள் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தேத்தண்ணீரோடு உள்ளே வந்துவிட்டார். திரையில் ஒன்பது முகங்கள், ஒன்பது பேரும் கையசைத்தார்கள். அன்றிலிருந்து, ‘உன் ஆளுங்க சாப்பிட்டாங்களா’ என்று கேட்கிறார். மகளிடம், ஒருநாள் உன் குழுவை எனக்குக் காட்டு என்று கேளுங்கள் ஐயா. மதியம் ஒரு மணிக்குக் கதவைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிடுங்கள், இந்த வேலையில் சாப்பாட்டு நேரத்துக்குச் சங்கு ஊதுவது கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் நிறுவனத்தின் பேரைச் சொல்லுங்கள், போதும்.

சேர்ந்து எட்டு வாரம் ஆகிறது. நான் வந்தபோது 40 பேர், இப்போது 75. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் வேறு குழுவுக்குப் போய்விட்டார், அடுத்து வந்தவரும் மாறிவிட்டார். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால், இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களோ என்று பயம். எனக்கு இந்த வேலை சரிவராதோ?
*— பீடோர் வாசகர்*

தம்பி, எனக்கு வந்த கேள்விகளில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். என் முதல் வருடம் அப்படியே இதில் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. நாற்பது பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் இன்னொருவரைத் தெரிந்துவைத்திருக்க 780 ஜோடிகள் உண்டு. எழுபத்தைந்து பேர் ஆனால் 2,775. ஆள் இரண்டு மடங்கு ஆவதற்குள் உறவுகள் மூன்றரை மடங்கு ஆகிவிட்டன. உங்கள் நிறுவனத்தில் பாதிப் பேர் உங்களைப்போலப் புதியவர்கள், அவர்களும் யாரைக் கேட்பது என்று தெரியாமல்தான் விழிக்கிறார்கள். அலுவலகம் என்று ஒன்று இருந்தால் பக்கத்து நாற்காலிக்காரரின் முகத்தைப் பார்த்தாவது கேட்டுவிடலாம். இங்கே எல்லோரும் சும்மா இருப்பதுபோலவும், நாம் ஒருவர்தான் தடுமாறுவதுபோலவும் தோன்றும். எங்கள் நிறுவனம் ஐம்பதைத் தாண்டியபோது எனக்கு மூன்று மாதத்தில் மூன்று மேலாளர்கள். இரண்டாமவரின் குரல்கூட எனக்கு நினைவில்லை, எழுத்தில் மட்டுமே பழகினோம்.

இந்தச் சிக்கலை நன்றாகக் கையாண்ட நிறுவனம் என்று நான் நினைப்பது கிட்லாப். மென்பொருள் எழுதுகிறவர்கள் சேர்ந்து வேலை செய்ய உதவும் மென்பொருள் அவர்களுடையது. 2011இல் டிமித்ரி சப்போரோஷெட்ஸ் என்பவர் உக்ரைனில் தன் வீட்டிலிருந்து அதை எழுத ஆரம்பித்தார். அந்த வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது, தினமும் பொதுக்கிணற்றுக்குப் போய்த்தான் எடுத்துவர வேண்டும். தோட்டத்து லயத்தில் பொதுக்குழாயில் வரிசை பிடித்து வளர்ந்தவள் நான், அதைப் படித்த நாளிலிருந்து அவரை நம்ம ஊர்க்காரராகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அலுவலகம் இல்லாமலே வளர்ந்த அந்த நிறுவனம் 2021 அக்டோபரில் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது. அவர்கள் பிடித்துக்கொண்ட வழி ஒன்றுதான்: எல்லாவற்றையும் எழுதிவைப்பது. லீவு எப்படிக் கேட்பது என்பதிலிருந்து சம்பளம் எப்படி முடிவாகிறது என்பதுவரை ஒரு கையேட்டில் போட்டு, அதை ஊரறிய இணையத்திலேயே வைத்துவிட்டார்கள். அச்சிட்டால் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் வரும்.

தவறுகூட எழுதப்பட்டது. 2017 ஜனவரி 31 அன்று ஒருவர் களைத்துப்போய், வேறு கணினி என்று நினைத்து உண்மையான தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். காப்புப் பிரதிகளைத் தேடினால் ஒன்றும் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவு போனது. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். பிறகு வெளியிட்ட அறிக்கையில் அவர் பேரைப் போடாமல் ‘குழு உறுப்பினர் 1’ என்று மட்டும் குறித்தார்கள். எனக்கு அந்த அறிக்கை மேல் மிகுந்த மரியாதை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கேள்வியைத் தனிச்செய்தியில் ஒருவரிடம் கேட்காதீர்கள். எல்லோரும் பார்க்கும் பொதுத் தடத்தில் கேளுங்கள். நீங்கள் கேட்க வெட்கப்படுவதை இன்னும் நாலு பேர் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டிருப்பார்கள். பதில் வந்ததும் அதை ஒரு பக்கமாக எழுதிப் பொது இடத்தில் வையுங்கள். நான் சேர்ந்த முதல் வாரம், வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று கேட்டேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றையும் எழுதி, எது சரி என்று கேட்டு வைத்தேன். நிறுவனர் வந்து ஒன்றை அடித்துவிட்டு இன்னொன்றைத் திருத்தினார். இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறார்கள்.

எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. ஒரு மாதம் சம்பளம் குறைந்து வந்திருக்கிறது. பால் ஸ்டோரில் எடை போட்டு, 28 என்று வாயால் சொல்லிவிட்டு, புத்தகத்தில் 18 என்று விழுந்திருக்கிறது. ஒருநாள் இல்லை, நாலு நாள். கையில் எழுத்தாக ஒன்றும் இல்லாததால் போன காசு போனதுதான். மறுநாளிலிருந்து அம்மா என் பழைய பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து, ரப்பர் வளையம் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். பால் வாளிகளைத் தோளில் சுமந்துவரும் காண்டாவை இறக்கி வைத்ததும் தேதி, எடை, ஒட்டுப்பால் தனியாக. பால் கறை பட்டுப் பட்டு அந்த நோட்டின் ஓரமெல்லாம் கறுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்தால் ‘பர்’ரென்று சத்தம் வரும். அதற்கப்புறம் கணக்குக் குறைந்ததே இல்லை.

எட்டு வாரத்தில் ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். ஆறு மாதம் கழித்து, இந்த வாரம் வந்து சேர்ந்த ஒருவர் உங்களிடம் கேள்வி கேட்பார். அப்போது எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

வெளிநாட்டு நிறுவனம் டாலரில் சம்பளம் தருகிறது. ‘ஒப்பந்தக்காரர்’ என்று போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?
*— தெலுக் இந்தான் வாசகி*

போடலாம், ஆனால் போடுவதற்கு முன் ஒரு தாளில் கூட்டிக் கழித்துப் பாருங்கள். இங்கே மலேசியாவில் ஊழியராக இருந்தால் உங்கள் சம்பளத்தில் 11 விழுக்காடு சேமநிதிக்குப் போகும். முதலாளி தன் பங்குக்கு 13 விழுக்காடு போட வேண்டும் (5,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் என்றால் 12). சொக்சோ எனும் தொழிலாளர் காப்புறுதி தனி. ஒப்பந்தக்காரருக்கு இவை எதுவும் தானாக நடக்காது. ஆகவே அவர்கள் சொல்லும் தொகையை உள்ளூர்ச் சம்பளத்தோடு அப்படியே வைத்து ஒப்பிடாதீர்கள்.

சேமநிதியில் ஐ-சாரான் திட்டம் வழியாக நீங்களே கட்டலாம். அரசும் ஆண்டுக்கு 500 வெள்ளி வரை சேர்த்துக் கொடுக்கிறது. சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டத்திலும் சேர்ந்துகொள்ளுங்கள். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் விடுமுறை உண்டா என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அவர்கள் நாட்காட்டியில் நம் பண்டிகை இருக்காது. நான் கேட்டுத்தான் எங்கள் நாட்காட்டியில் ஏறியது.

டாலரைப் பற்றி ஒன்று. 2024 பிப்ரவரியில் ஆயிரம் டாலருக்கு ஏறக்குறைய 4,800 வெள்ளி கிடைத்தது. அதே வருடம் செப்டம்பர் கடைசியில் 4,100 சொச்சம்தான். வேலை அதே வேலை, சம்பளம் ஏழில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. என் வீட்டுக் கடன் தவணை இறங்கவில்லை. அதிலிருந்து மூன்று மாதச் செலவைத் தனிக்கணக்கில் ஒதுக்கி வைக்கிறேன்.

சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால் கம்பெனிப் பங்கு தருகிறோம் என்கிறார்கள். நாலு வருடத்தில் பெரிய பணமாகுமாம். உண்மையா?
*— கூலிம் வாசகர்*

அவர்கள் தருவது பங்கா, பங்கை வாங்கும் உரிமையா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான். 4,800 பங்குகளுக்கு உரிமை தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான கணக்கு இது: முதல் வருடம் முடியும்வரை ஒன்றும் கிடையாது. முடிந்த அன்று 1,200. பிறகு மாதம் நூறு நூறாக நாலு வருடத்தில் முழுவதும். பதினோராவது மாதம் விலகினால் வெறுங்கை. உரிமை கைக்கு வந்தாலும், பங்கை வாங்க நீங்கள்தான் காசு கட்ட வேண்டும், பங்குக்கு அரை டாலர் என்றால் அந்த 1,200க்கு 600 டாலர். வேலையை விட்டால் பல ஒப்பந்தங்களில் தொண்ணூறு நாள்தான் அவகாசம். நிறுவனத்தை யாராவது வாங்க வேண்டும், அல்லது அது சந்தைக்குப் போக வேண்டும். அதுவரை அது வெறும் காகிதம், பணம் இல்லை. மொத்தப் பங்கு எத்தனை என்றும் கேளுங்கள். அது தெரியாமல் 4,800 என்பது வெறும் எண். புதிய முதலீடு வரும்போதெல்லாம் உங்கள் பங்கின் அளவு நீர்த்துப்போகும்.

என் பாட்டியும் பங்கு வைத்திருந்தார். எங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்து வெள்ளி கட்டிச் சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாகிக்கொண்டிருந்த காலம். வேலையும் வீடும் ஒரே நாளில் போய்விடுமோ என்ற பயத்தில் கட்டிய காசு அது. அந்தக் காசில் வாங்கிய தோட்டத்தைப் பாட்டி கண்ணால் பார்த்தார், அந்த மண்ணில் நின்றார். அப்படி நின்று பார்க்க முடியாத ஒன்றுக்காகப் பிள்ளைகளின் பால்மாவுச் செலவைக் குறைக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. கைக்கு வரும் சம்பளத்திலேயே குடும்பம் நடக்கும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், பங்கு வந்தால் வரட்டும். வராவிட்டால் நடக்காது என்றால் வேண்டாம்.

வேகமாக வளர்வதற்கு மறுபக்கமும் உண்டு. 2022 டிசம்பரில் ஒரு செவ்வாய் இரவு, பதினொரு மணிக்கு அவசரக் கூட்டம் என்று அழைப்பு வந்தது. நிறுவனர் ஒன்பது நிமிடம் பேசினார். நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. மணிலாவில் இருந்த தோழி ஒருத்தியோடு அப்போது ஸ்லாக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். ‘நாளைக்கு அந்த’ என்று அவள் எழுதியது வந்தது. அடுத்த வரி வரவில்லை. அவள் பேர் சாம்பல் நிறமாகிவிட்டது. ஒன்றரை வருடம் தினமும் பேசியவள், அவள் கைப்பேசி எண் என்னிடம் இல்லை. மூன்று நாள் தேடி முகநூலில் பிடித்தேன், இருவரும் அழுதோம். அன்றிலிருந்து குழுவில் யார் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே சொந்த எண்ணைக் கேட்டு வாங்கிவிடுகிறேன். அந்த ‘நாளைக்கு அந்த’ இன்னும் என் திரையில் இருக்கிறது.

கணவருக்கு நள்ளிரவில் மீட்டிங். குழந்தை அழுதாலும் எழுந்துவர முடியவில்லை. இதற்கு முடிவே இல்லையா?
*— கோலகங்சார் வாசகி*

சகோதரி, சான் பிரான்சிஸ்கோவில் காலை ஒன்பது என்றால் நமக்கு நள்ளிரவு. அங்கே குளிர்காலம் என்றால் ஒரு மணி. கடிகாரத்தை மாற்ற முடியாது. ஒருமுறை மாற்றினார்கள்: 1982 ஜனவரி 1 அன்று, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று தீபகற்பத்தில் அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். பெரட்டு அதே ஐந்தரைக்குத்தான், ஆனால் அதற்கப்புறம் வெளிச்சம் வர இன்னும் நேரமாயிற்று என்று அம்மா சொல்வார். யாரோ எங்கேயோ வைக்கிற நேரம் நம் வீட்டுத் தூக்கத்தில் வந்து விழுவது நமக்குப் புதிதில்லை.

ஆனால் இதைப் பேசித் தீர்க்கலாம். நான் மேலாளருக்கு எழுதிக் கேட்டேன்: மாலை நாலு முதல் ஆறு வரை லண்டன்காரர்களோடு கட்டாயம் இருப்பேன், இரவுக் கூட்டம் மாதத்தில் இரண்டுதான், அதற்கு மறுநாள் காலை ஓய்வு. மற்றக் கூட்டங்களைப் பதிவு செய்து போடுங்கள், காலையில் பார்த்துப் பதில் எழுதுகிறேன். ஒரே நாளில் ஒத்துக்கொண்டார். இத்தனை நாளும் யாரும் கேட்கவில்லை என்பதுதான் காரணம். உங்கள் கணவர் மலேசிய நிறுவனத்தின் ஊழியர் என்றால், 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சட்டம். வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுதிக் கேட்டால் 60 நாளுக்குள் முதலாளி பதில் சொல்லியாக வேண்டும். வாயால் கேட்கவேண்டாம், எழுதச் சொல்லுங்கள்.

தோட்டத்து வீட்டில் இந்த வேலை பார்க்க முடியுமா? லைன் கிடைக்குமா?
*— ஊர் குறிப்பிடாத வாசகர்*

ஃபைபர் வந்த இடமா என்று பாருங்கள். டவுனை ஒட்டிய குடியிருப்புத் தாமான்களில் கிடைக்கும், தோட்டத்துக்குள் பெரும்பாலும் கிடையாது. கைப்பேசி லைன் இரண்டு நிறுவனத்துடையது வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று போனால் ஒன்று. மாலையில் இடி உறுமினால் மோடத்தின் பிளக்கையும் தொலைபேசிக் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். எனக்கு இரண்டு மோடம் கருகியது. அறையெல்லாம் பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம்.

அக்கா, நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். இப்போது பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்திருக்கிறேன். ஆங்கிலம் ஓரளவு எழுதுவேன், பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் செய்யும் வேலை எனக்குக் கிடைக்குமா?
*— சுங்கை சிப்புட் வாசகி*

தங்கச்சி, நானும் இங்கே மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தவள்தான். நேர்காணலில் நான் பேசியது மொத்தம் இருபது நிமிடம். மூன்று நாள் எழுத வைத்தார்கள். கோபமாக வந்த ஐந்து கடிதங்களைக் கொடுத்து, பதில் எழுது என்றார்கள். கூடம் நிறையப் பேச்சுத்திறமையோடு போகிறவர்களுக்கு நடுவே நான் எங்கே நின்றிருப்பேனோ தெரியாது. இந்த வேலையில் பத்தில் எட்டுப் பங்கு எழுத்து. கேட்டவருக்கு என்ன வேண்டும் என்று புரிந்து, சுருக்கமாக, மரியாதையாக எழுதத் தெரிய வேண்டும். போலிடெக்னிக்கோ எஸ்.டி.பி.எம்.மோ, படிப்பை விட்டுவிடாதீர்கள். படித்துக்கொண்டே பழகலாம்.

இப்போதே ஒன்று செய்யுங்கள். கடைக்காரர் ஒருவர், ‘நேற்று விற்றது எதுவும் கணக்கில் ஏறவில்லை, நாளைக்கு வரி கட்ட வேண்டும், என்ன கம்பெனி நடத்துகிறீர்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அவருக்கு எட்டு வரியில் பதில் எழுதி, இந்தப் பத்திரிகை முகவரிக்கு என் பார்வைக்கு என்று போட்டு அனுப்புங்கள். அகராதி பார்க்கலாம், யாரிடமும் திருத்தி வாங்க வேண்டாம். சிவப்பு மையால் திருத்தி, ஏன் திருத்தினேன் என்றும் எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.